மூஞ்சி என்னோடது

ஜூலை 8, 2025 – செவ்வாய்

வார விடுமுறை. யூனிஃபார்ம் சேலை இரண்டையும் துவைத்துக் காயப்போட்டேன். மேற்கே மலை மேல் கறுத்துக் கிடக்கிறது. அங்கே பெய்யும். கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆடித் தள்ளுபடிக்குக் கடை தயாராகிறது. பட்டுச் சேலைப் பிரிவில் நான், செவ்வந்தி, ராதிகா மூன்று பேர். மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி செவ்வந்திக்குக் கால் வீங்கிவிட்டது. இரவெல்லாம் நாங்கள் தங்கும் அறையில் அவள் முனகல்தான்.

நேற்று முதலாளி மகன் அன்புச்செல்வன் போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் பிரிவுக்கு வந்தார். கடையின் இன்ஸ்டா பக்கத்தை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மெரூன் சேலை ஒன்றை விரித்துக் காட்டச் சொன்னார். விரித்தேன். முந்தானை கை நழுவி விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான், போய்விட்டார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜூலை 12 – சனி

நான்கு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம். நான் சேலையைத் தவறவிட்டுச் சிரிக்கிற பன்னிரண்டு விநாடியை. அதற்கு ஒரு காதல் பாட்டு வேறு போட்டிருக்கிறார்கள்.

கடையில் எல்லாரும் போனை நீட்டி நீட்டிக் காட்டினார்கள். ராதிகாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு வருடமாக அவள்தான் ரீல்ஸில் வரவேண்டும் என்று அலைகிறாள். பொய் எழுதக் கூடாது — எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நானே பதினொரு தடவை பார்த்தேன். நான் மலைக்காரப் பெண்; கடையில் சேர்ந்த புதிதில் ‘இவளுக்குப் பட்டு பேரெல்லாம் தெரியுமா’ என்று கேட்டவர்கள் இருக்கிற இடம் இது.

பிறகு கமெண்ட் படித்தேன். ‘சேலை வேணாம், விரிக்கிற ஆள் வேணும்.’ ‘எந்தக் கடை, எத்தனை மணிக்கு வந்தா இருப்பாங்க.’ பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

ஜூலை 15 – செவ்வாய்

செவ்வந்தி அந்த வீடியோவுக்குக் கீழே ‘எங்க பவானி’ என்று எழுதி என் கணக்கை டேக் செய்திருக்கிறாள். முந்நூறு பேர் புதிதாக என்னைப் பின்தொடர்கிறார்கள். ஒருவரையும் தெரியாது. போன் சூடாகவே இருக்கிறது.

ஜூலை 19 – சனி

இன்று ஒருவன் வந்தான். முப்பது வயதிருக்கும். ‘அந்த மெரூன்’ என்று கேட்டான். நான்கு எடுத்துப் போட்டேன். சேலையைப் பார்க்கவே இல்லை. போனை மார்போடு சாய்த்துப் பிடித்திருந்தான், கேமரா என் பக்கம் இருந்தது.

எழுந்து போகும்போது மெதுவாகக் கேட்டான். “வெள்ளிமலைதான? உங்கப்பா பேரு மாதன்தான?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? ‘உனக்கு இன்னாடா’ என்று கேட்டிருக்கலாமே.

ஜூலை 20 – ஞாயிறு

இன்ஸ்டாவில் அவன் அனுப்பியதைப் படித்தேன். என் பிறந்தநாள் அவனுக்குத் தெரியும். ஊருக்குப் போக நான் ஏறுகிற பஸ் தெரியும். வாட்ஸப்பில் ‘ஹாய்’ வந்திருக்கிறது — நம்பரும் தெரியும்.

ஜூலை 22 – செவ்வாய்

இன்று ஒரு வேலை செய்தேன். செவ்வந்தியின் போனை வாங்கி, எனக்குத் தெரியாத அவள் தோழி ஒருத்தியின் கணக்கு வழியாக என் கணக்கைத் திறந்தேன். அவன் எப்படிப் பார்த்திருப்பானோ அப்படிப் பார்க்க.

வரிசையாகக் கிடக்கிறது. மூன்று வருடம் முன்னால் பஸ் முன்னால் நின்று எடுத்த படம், தலைக்கு மேலே வெள்ளிமலை என்று பலகை. அப்பாவோடு வீட்டு வாசலில், கீழே ‘எங்கப்பா மாதன்’ என்று நானே எழுதியது, பின்னால் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயர் முழுதாக. ‘இன்று எனக்கு 22’ என்று கேக் படம். போன வருடம் அம்மாவின் சாமை அரிசியை விற்றுக் கொடுக்க என் நம்பரைப் பெயருக்குக் கீழேயே போட்டிருந்தேன். எடுக்க மறந்தது நான்தான். ஆனால் சாமைக்காகப் போட்ட நம்பர் அது. இதுக்குப் போடல.

ஒவ்வொன்றாக மூடினேன். கணக்கைப் பிரைவேட் ஆக்கினேன். நம்பரை எடுத்தேன். இடம் காட்டுகிற படங்களை நீக்கினேன். என்னைக் கேட்காமல் யாரும் டேக் செய்ய முடியாதபடி மாற்றினேன். பாஸ்வேர்டு என் பிறந்தநாளாகவே இருந்தது, அதையும் மாற்றி, ஓடிபி கேட்கிற இரண்டாவது பூட்டும் போட்டேன். பின்தொடர்கிற அறுநூற்றுப் பதினோரு பேரில் முகம் தெரியாதவர்களை எல்லாம் வெளியே அனுப்பினேன். கடைசியில் முப்பத்தொரு பேர் நின்றார்கள்.

அவனை உடனே பிளாக் பண்ணச் சொன்னாள் செவ்வந்தி. நான் முதலில் அவன் அனுப்பியதெல்லாம் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். அப்புறம்தான் பிளாக்.

டேக்கை எடுக்கும்போது அவள் அழுதாள். “நான் பெருமையாத்தாண்டி போட்டேன்.” தெரியும் என்றேன். அவள் மேல் கோபம் இல்லை. அவள் கணக்கையும் உட்கார்ந்து மூடிக் கொடுத்தேன். அதில் அவள் அக்கா குழந்தையின் படம் மட்டும் நாற்பது இருந்தது, குளிக்கிற படம் உட்பட. அதை முதலில் அழித்தாள்.

ஜூலை 25 – வெள்ளி

அன்புச்செல்வனிடம் போய்க் கேட்டேன். வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று. ஆடி இரண்டாம் வெள்ளி, கடை முழுக்கக் கூட்டம். அவர் சிரித்தார். ஒன்பது லட்சம் பேருக்குப் போய்விட்டது, இனி எடுக்க முடியாது என்றார். ஒருவன் என்னைத் தேடி வருகிறான் என்று சொன்னேன். ஃபேமஸ் ஆனால் அப்படித்தான் என்றார்.

பிறகு கொஞ்சம் கடுமையாகச் சொன்னார். “கடை டைம்ல எடுத்தது. அது கடையோடதும்மா.”

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. “டைம் கடையோடதுங்க. மூஞ்சி என்னோடது” என்றேன்.

பில் போடுகிறவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அன்புச்செல்வன் போய்விட்டார். வீடியோ அப்படியேதான் இருக்கிறது.

ஜூலை 29 – செவ்வாய், ஊரில்

எழுதவே கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் மலைக்கு ஏறி வந்திருக்கிறான். பைக்கில். பவானி வீடு எது என்று ஊர் நடுவில் நின்று விசாரித்திருக்கிறான். கடையிலிருந்து வருகிறேன், முதலாளி அனுப்பினார் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அப்பா நம்பி உட்காரவைத்துப் பலாப்பழம் அறுத்துக் கொடுத்திருக்கிறார். அவரோடு நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டான். அதைப் போட்டு, கீழே எழுதியிருக்கிறான் — ‘மாமனார் கொடுத்த பலா.’

அந்தப் படம் ஊர் முழுக்கப் போய்விட்டது. எனக்குத்தான் கடைசியாக வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என்னைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பாண்டியன்தான் ஆரம்பித்தான். “போனு இருந்தாத்தான இதெல்லாம். ஒடச்சிப் போடு. கடைக்கும் போவாத. வூட்ல இரு.”

நான் என்ன தப்பு பண்ணேன்? சேலை விரிச்சேன், சிரிச்சேன். அதுக்கு நான் வூட்ல உக்காரணுமா? அவன் பைக்ல ஊர் சுத்திக்கினு இருப்பான், நான் உள்ள கெடக்கணுமா?

அண்ணனிடம் கேட்டேன். “எம் போன ஒடச்சா, எம் மூஞ்சி அவன் போன்லருந்து போயிடுமாண்ணா?”

நான் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் காட்டினேன். அவன் கடைக்கு வந்த தேதி இந்த நோட்டில் இருந்தது; ‘ஹாய்’ வந்த தேதியும் நான் பிளாக் செய்த தேதியும் போனில். அப்பா நெடுநேரம் பார்த்தார். அவருக்கு வாசிக்க வராது, அண்ணன் வாசித்தான். வாசிக்க வாசிக்க அண்ணன் குரல் இறங்கிவிட்டது.

காலையில் போலீசுக்குப் போகலாம் என்று அப்பாதான் சொன்னார்.

ஜூலை 30 – புதன்

முதல் பஸ். கடைக்கு லீவு சொன்னேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், கல்யாணத்துக்குப் போகிற சட்டை.

எங்களை விசாரித்தது இலக்கியா என்று ஓர் எஸ்.ஐ. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். ஏன் கணக்கு வைத்திருந்தாய், ஏன் படம் போட்டாய் என்று கேட்பார் என்று பஸ் முழுக்கப் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். கேட்கவில்லை. பிளாக் செய்வதற்கு முன்னால் எல்லாம் எடுத்து வைத்தீர்களே, நிறைய பேர் பயத்தில் அழித்துவிட்டு வெறுங்கையோடு வருகிறார்கள் என்றார். தயார் செய்த பதில் ஒன்றும் தேவைப்படவில்லை. அழுகை வந்தது. அடக்கிவிட்டேன்.

புகார் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டேன். அப்பா பேனாவுக்குக் கை நீட்டினார். சாட்சிக் கையெழுத்து வேண்டாம் என்று எஸ்.ஐ. சொன்னார்.

“சாட்சி இல்லைங்க. எம் போட்டாவயும் என்னக் கேக்காமத்தான போட்டான். நானும் எழுதிக் குடுக்கறங்க.”

எஸ்.ஐ. இன்னொரு தாள் எடுத்தார். அப்பா பெயரில் தனிப் புகார். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பலாப்பழம் அறுத்ததைக்கூட விடக் கூடாது என்றார்.

ஆகஸ்ட் 2 – சனி

பிடித்துவிட்டார்கள். சின்னசேலம் பக்கத்து ஆள். கல்யாணமானவன். சும்மா ஜாலிக்கு என்றானாம். படங்களை அழிக்க வைத்தார்கள், போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், வழக்கும் போட்டாயிற்று. எஸ்.ஐ. போனில் சொன்னார்.

கடை வீடியோ மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஆகஸ்ட் 4 – திங்கள்

முதலாளி கந்தசாமி கூப்பிட்டார். போலீஸ் கடைக்கு வந்து அன்புச்செல்வனிடம் இரண்டு கேள்வி கேட்டார்களாம், அதில் கோபம். கேமராவுக்குப் பயப்படுகிற ஆள் குடோனில் இருக்கலாம் என்றார்.

பயம் இல்லைங்க என்றேன். குடோனுக்குப் போனேன்.

ஆகஸ்ட் 7 – வியாழன்

குடோனில் ஜன்னல் கிடையாது. அட்டைப்பெட்டி வாசனை. பெட்டியைப் பிரித்து லேபிள் ஒட்டி அனுப்ப வேண்டும். வேலையை விட்டுவிடுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். விடப் போவதில்லை.

ஆகஸ்ட் 10 – ஞாயிறு

சாப்பாட்டு நேரத்தில் ராதிகா குடோனுக்கு வந்தாள். என்னோடு ஒரு மாதமாகச் சரியாகப் பேசாதவள். இப்போது ரீல்ஸ் எல்லாம் அவள்தான். அவளுக்கு நன்றாக ஆட வரும், அவள் ஆட்டத்தை நானே ரசித்துப் பார்த்தேன்.

டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். பிறகு போனை நீட்டினாள். மேல் தட்டிலிருந்து சேலை எடுக்க ஏணியில் ஏறுகிறாள், கீழேயிருந்து எடுத்திருக்கிறார்கள். அவளுக்குத் தெரியாமல். இரண்டு நாளாகக் கடைப் பக்கத்தில் இருக்கிறது. கமெண்டுகளை நான் இங்கே எழுத மாட்டேன்.

“ஆடறதுக்குத்தான் ஒத்துக்கினேன் பவானி. ஏணில ஏறறப்ப எடுக்கறதுக்கு இல்ல.”

எனக்கு இப்போது வீடியோவே பிடிப்பதில்லை, அவளுக்குப் பிடிக்கும். இரண்டும் அவரவர் இஷ்டம். கேட்கணும், அவ்வளவுதானே? அது இன்னா அவ்ளோ கஷ்டம்?

பாக்ஸைத் திறக்க வைத்தேன். சாப்பிட்டோம். இரண்டு பேருமாகப் பதினான்கு பெயர் எண்ணினோம் — கடையில் வேலை பார்க்கிற பெண்கள்.

ஆகஸ்ட் 12 – செவ்வாய்

அறையில் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். நான், செவ்வந்தி, ராதிகா. முதலில் மூன்று பக்கம் வந்தது, எல்லாக் கோபமும். கிழித்துவிட்டு அரைப் பக்கத்தில் எழுதினேன். எங்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். போடும் முன் காட்டுங்கள். நீக்கச் சொன்னால் நீக்குங்கள். பெயரும் ஊரும் எங்கேயும் வரக் கூடாது. இப்போதிருக்கிற இரண்டு வீடியோவையும் நீக்குங்கள்.

பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று பேருக்குப் பயம். வீட்டு நிலைமை அப்படி. வற்புறுத்தவில்லை.

ஆகஸ்ட் 13 – புதன்

கொடுத்தேன். கந்தசாமி படித்தார். மேஜை டிராயரில் போட்டார். ஆடி முடியட்டும் என்றார்.

ஆடி முடிந்தால் அவருக்கு எங்கள் தேவை கம்மி. அது எங்களுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 15 – வெள்ளி

சுதந்திர தினம், லீவு நாள், ஆடிக் கடைசி வெள்ளி. நான்கு பக்கத்திலிருந்தும் கூட்டம். சங்கராபுரம் பஸ் ஒவ்வொன்றும் வந்து எங்கள் கடை வாசலில் கொட்டுவதுபோல் இருந்தது. கூட்டம் தாங்காமல் என்னையும் குடோனிலிருந்து மேலே கூப்பிட்டுவிட்டார்கள்.

காலையில் மருந்துக்கடையில் முகக்கவசம் ஒரு பெட்டி வாங்கியிருந்தோம். பதினோரு பேரும் மாட்டிக்கொண்டோம். வேலையை நிறுத்தவில்லை. சேலை விரித்தோம், மடித்தோம், மாடி ஏறினோம், பில்லுக்கு அனுப்பினோம். மூக்கும் வாயும் மட்டும் இல்லை.

அன்புச்செல்வன் போனோடு ஒரு சுற்று வந்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் வெள்ளைத் துணி. முதலாளி நேராக என்னிடம் வந்தார். “இன்னாம்மா, எல்லாருக்கும் ஒண்ணா ஜுரமா?”

“ஜுரம் இல்லைங்க. கேக்காம வீடியோ எடுக்கறாங்க. அதாங்க.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் என் முன்னால் மணலூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டுக் குடும்பம், ஒன்பது பேர், முகூர்த்தப் பட்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அம்மா பெரியநாயகி — வந்ததிலிருந்து எல்லாரும் அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள் — மகள் தோளில் வைத்திருந்த சேலையை மெல்ல எடுத்தார். அப்போது அன்புச்செல்வனின் போன் அவர்கள் பக்கம்தான் இருந்தது.

“எம் பொண்ணுக்கு சேலை வச்சிப் பாக்கறதயும் எடுத்துக்கினு இருக்கீங்களா? யாரக் கேட்டு?”

அதட்டவில்லை, கேட்டார். பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர்களும் திரும்பினார்கள். ஒருவர் தன் பேத்தி கடை வீடியோவில் இருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் சொன்னதாகச் சொன்னார். முதலாளி தன் மகனைப் பார்த்தார். அன்புச்செல்வன் போனைப் பாக்கெட்டில் போட்டார். கல்யாண வீட்டுக்காரர்கள் அதற்குப் பிறகுதான் சேலை எடுத்தார்கள்.

முகக்கவசத்துக்குள் வியர்த்து ஊற்றியது. கழற்றவில்லை. இன்று முழுக்க நாங்கள் எல்லாரும் கண்ணால்தான் சிரித்துக்கொண்டோம்.

ஆகஸ்ட் 18 – திங்கள்

முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். மன்னிப்பெல்லாம் இல்லை. இடம் கொடுத்தால் தலைமேல் ஏறுகிறீர்கள் என்றுதான் ஆரம்பித்தார். முடிக்கும்போது ஒரு நோட்டு எடுத்து வைத்தார். பெயர், வீடியோவுக்குச் சம்மதமா இல்லையா, கையெழுத்து. எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

ராதிகா சம்மதம் என்று போட்டாள். பக்கத்தில் ‘காட்டிவிட்டுப் போட வேண்டும்’ என்று எழுதி அடிக்கோடும் இட்டாள். கடிதத்தில் கையெழுத்துப் போடப் பயந்த மூன்று பேரும் இதில் ‘இல்லை’ என்று போட்டார்கள். நானும்.

இரண்டு வீடியோவும் மதியத்துக்குள் போய்விட்டன. நாளைக்கு என் விடுமுறை. புதனிலிருந்து பட்டுப் பிரிவு.

ஆகஸ்ட் 26 – செவ்வாய்

கடை வீடியோவை நீக்கிவிட்டது. ஆனால் மற்றவர்கள் எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டுக்கொண்டது? தேடித் தேடிப் பார்த்ததில் பத்தொன்பது பக்கங்களில் நான் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றாகப் புகார் அனுப்பினேன். இனி ஒவ்வொரு செவ்வாயும் இதற்கு ஒரு மணி நேரம்.

செப்டம்பர் 9 – செவ்வாய்

ஏழு போயின. பன்னிரண்டு பாக்கி.

செப்டம்பர் 23 – செவ்வாய்

ஒன்று போனது. இரண்டு புதிதாக முளைத்தன. முழுதாகப் போகவே போகாதோ? போகாவிட்டால்? பஸ்ஸில் ஒருவர் உற்றுப் பார்த்தார். நானும் பார்த்தேன், அவர் கண்ணை எடுக்கிறவரை.

அக்டோபர் 11 – சனி

தீபாவளிக் கூட்டம். அன்புச்செல்வன் என் கவுண்டருக்கு வந்து போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நீலப் பட்டுச் சேலையை விரிக்கிற இரண்டு கைகள், முகம் இல்லை. அது வேறொரு பெண்; அவள் தோளுக்குப் பின்னால் நான் நின்றதில் என் கையும் வந்துவிட்டது. போடலாமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

காரணம் கேட்கவில்லை. என் கண் முன்னாலேயே அழித்துவிட்டுப் போனார். போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கணும்போல் இருந்தது.

நவம்பர் 18 – செவ்வாய், ஊரில்

சாமை அறுப்பு. காலையிலிருந்து நானும் குனிந்து அறுத்தேன், இடுப்பு கழன்றுவிட்டது. அண்ணன் கட்டுத் தூக்கினான். அப்பா களத்தில் இருந்தார்.

கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா வரப்பில் வந்தாள். வெயில் சாய்ந்து அவள் மேல் விழுந்தது. எதற்கோ சிரித்துக்கொண்டே வந்தாள். போனை எடுத்தேன். எடுத்துவிட்டு அவளிடம் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றாள். போடட்டுமா என்று கேட்டேன்.

கட்டை இறக்கி வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்தாள். “யாரு யாரு பாப்பாங்க?”

முப்பத்தொரு பேர் என்றேன். பேரைச் சொல் என்றாள். ஒவ்வொன்றாகப் படித்தேன். செவ்வந்தி, ராதிகா, காலேஜ் சிநேகிதிகள், சித்தப்பா மகள், ஒவ்வொரு பேருக்கும் தலையை ஆட்டினாள். இருபத்தேழாவது பேர் எங்கள் சொந்தத்தில் ஒருத்தி.

“அவ வேணாம். எடுத்துடு.”

ஏன் என்று கேட்டேன்.

“வேணான்னா வேணாம்.”

எடுத்தேன். மீதி நான்கு பேரையும் கேட்டு முடித்தாள். முப்பது பேர். முக்காட்டைச் சரிசெய்து கட்டிக்கொண்டு, கதிர்க்கட்டை மறுபடி தலைக்கு ஏற்றினாள்.

“இப்பப் போடு” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.